சுங்கை சிப்புட்டில் தங்கி, பேராக்கைப் பார்த்தல்

சனிக்கிழமை, சுங்கை சிப்புட்

பேராக் மாநிலத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ஈப்போவில் அறை எடுக்கிறார்கள். அமைதியை விரும்புகிறவர்கள் தைப்பிங்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தப் பள்ளி விடுமுறைக்கு நாங்கள் இரண்டையும் விட்டுவிட்டு, பழைய கூட்டரசுச் சாலையை ஒட்டி அவற்றுக்கு இடையில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் வந்து இறங்கியிருக்கிறோம். அத்தை வீடு இங்கே இருப்பது ஒரு காரணம். தெற்கே கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈய (வெள்ளீய) சுரங்க நிலங்களும் சுண்ணாம்புக் குகைகளும், மேற்கே கோல கங்சாரும் தைப்பிங்கும், வடக்கே லெங்கோங்கும் இருப்பதால், காலையில் கிளம்பி எந்தத் திசையில் போனாலும் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்பது மற்றொரு காரணம்.

கோலாலம்பூரிலிருந்து மின் ரயிலில் ஏறினால் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் இங்கே இறங்கிவிடலாம். விடுமுறைக் காலத்தில் இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் கடைவீடுகளின் வரிசையும், அதற்குப் பின்னால் செம்பனையும், அதற்கும் அப்பால் வெள்ளை முகப்போடு நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளும் தெரிகின்றன. சனிக்கிழமை மாலையில் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து மக்கள் சாமான் வாங்க வருவதால், மளிகைக் கடையிலும் பூக்கடையிலும் தமிழ்க் குரல்களே கேட்கின்றன. நான் பார்த்த சுற்றுலாக் கையேடுகள் எதிலும் இந்த ஊர் இல்லை. நுழைவுச் சீட்டு வாங்கிப் பார்ப்பதற்கு இங்கே ஒன்றும் இல்லை என்பது உண்மைதான்.

ஆனால் நாட்டு வரலாற்றில் இந்த ஊருக்கு இருக்கும் இடம் சிறியதன்று. 1948 ஜூன் 16-ஆம் நாள் காலையில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் கம்யூனிஸ்ட் போராளிகளால் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டது. 1960 வரை நீடித்த அந்தக் காலத்தின் ஊரடங்கையும் அரிசிக் கட்டுப்பாட்டையும் பற்றி அத்தை தம் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறார். அதே ஜூன் 16-ஆம் நாளில், 1919-ஆம் ஆண்டு, பின்னாளில் அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் பிறந்ததும் இந்த ஊரில்தான். ஐம்பதுகளின் இறுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, வேலையும் வீடும் ஒருசேரப் பறிபோன தொழிலாளர்களிடம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கும் எண்ணத்தோடு 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். அவர் முயற்சியில் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையை 1954-இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்தார். பள்ளி விடுமுறை என்பதால் வெளிவாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

அத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இப்போது தோட்டத்தைவிட்டு வெளியே தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறார். நாளை முதல் எங்களோடு அவரும் வருகிறார். முன்னிருக்கை தமக்கு என்பதே அவர் விதித்த ஒரே நிபந்தனை.

ஞாயிற்றுக்கிழமை, காராய், கோல கங்சார்

கோல கங்சாருக்குப் போகிறவர்கள் நேராகப் பள்ளிவாசலுக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் காராயில் திரும்பி விக்டோரியா பாலத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். 1897-இல் தொடங்கி 1900-இல் முடிந்த இந்த ஒற்றைத் தண்டவாள ரயில் பாலம் பேராக் ஆற்றின் குறுக்கே செங்கல் தூண்களின் மேல் இரும்புச் சட்டங்களாக நிற்கிறது. பக்கத்தில் புதிய பாலம் வந்தபின், 2002-இல் இதற்கு ஓய்வு கிடைத்தது. பாலத்தை ஒட்டிய நடைபாதையில் அக்கரை வரை நடந்து போகலாம். நாங்கள் போனபோது மலாய் மணமக்கள் ஒரு ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் ஓடும் ஆறு இங்கே அகன்று, தேநீர் நிறத்தில், ஓடுவதே தெரியாமல் ஓடுகிறது. காலை ஒன்பது மணிக்குள் வந்துவிட்டால் நிழல் இருக்கும். அதற்குப் பிறகு இரும்பு சுடத் தொடங்கிவிடும்.

கோல கங்சாரில் நான் அதிக நேரம் நின்றது ஒரு மரத்தின் முன்னால். பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் 1876-இல் கொண்டுபோன ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அங்கிருந்து மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் ஒன்பதைப் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ இந்த ஊரில் நட்டார். அவற்றில் எஞ்சியிருப்பது இந்த ஒன்று. வேலி போட்டு, பெயர்ப்பலகை வைத்து, சாலையோரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். பெரும்பாலோர் ஒரு படம் எடுத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் போய்விடுகிறார்கள்.

அத்தை போகவில்லை. வேலியைச் சுற்றி வந்து, பட்டையைக் கீழிருந்து மேலாகப் பார்த்து, அடிமரத்தில் புடைத்திருந்த முடிச்சுகளைக் காட்டினார். "இது பழகாத கை வெட்டினது. கத்தி கட்டையில பட்டா இப்படித்தான் முண்டு முண்டாப் புடைக்கும். அந்த மரத்துல அப்புறம் கத்தி ஓடாது." பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் இருக்கும் மெல்லிய பசுந்தோலைத் தொடாமல், பால் ஓடும் உள்பட்டையை மட்டும் ஒரு நூல் கனத்துக்குச் சீவ வேண்டும். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிய வேண்டும். சரிவு குறைந்தால் பால் தேங்கி வழியும், கூடினால் பட்டை வீணாகும். விடிவதற்கு முன் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருப்பதால் அப்போதுதான் பால் நன்றாக ஓடும். அதனால்தான் நான்கு மணிக்கு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நெற்றி விளக்கோடு நிரைக்குள் இறங்க வேண்டியிருந்தது. மழை பெய்தால் வேலை இல்லை, அன்றைய கூலியும் இல்லை. இவ்வளவையும் அத்தை வேலிக்கு வெளியே நின்று, விரலால் காற்றில் வெட்டிக் காட்டியபடி என் மகளுக்குச் சொல்ல, பக்கத்தில் நின்ற சீனக் குடும்பம் ஒன்று அவர் கையைப் படமெடுத்துக்கொண்டது. இந்த மரத்தடியில் முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளர் ஒருவரை ஊதியம் கொடுத்து நிறுத்தினால், அரண்மனைகளைவிட இதற்குக் கூட்டம் கூடும் என்று நினைக்கிறேன்.

உபுடியா பள்ளிவாசல் அழகுதான். ஈப்போ ரயில் நிலையத்தையும் வடிவமைத்த ஆர்தர் பெனிசன் ஹப்பக் இதை வரைந்தார். 1913-இல் தொடங்கி, இத்தாலியிலிருந்து வந்திறங்கிய பளிங்குக் கற்களை யானைகள் மிதித்து உடைத்ததும் வேலை தாமதமாக ஒரு காரணமாகி, 1917-இல் முடிந்தது. பொற்குவிமாடங்கள் மாலை வெயிலில் மின்னும்போது பார்ப்பது நல்லது. அருகில் 1926-இல் ஓர் ஆணியும் இல்லாமல் மரத்தாலும் பின்னிய மூங்கிலாலும் கட்டிய இஸ்தானா கெனாங்கான் இருக்கிறது; எனக்கு இதுவே பள்ளிவாசலைவிடப் பிடித்தது.

ஆற்றுக்கு அக்கரையில் சாயோங் கம்பம் (கிராமம்). சுரைக்காய் வடிவில் இங்கே செய்யும் லாபு சாயோங் கூஜாக்களை நாடு முழுவதும் விற்கிறார்கள். மண் கூஜாவைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிச் சூளையில் சுடுகிறார்கள். தணலாக இருக்கும்போதே எடுத்து நெல் உமிக்குள் புதைத்தால், உமி புகைந்து மண்ணைக் கறுப்பாக்கிவிடுகிறது. சாயம் பூசிய கறுப்பும் உமிக் கறுப்பும் வேறுவேறு. நகத்தால் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். இப்போது பல இடங்களில் அச்சில் ஊற்றியே செய்கிறார்கள் என்றாலும், கையால் கோடு கீறும் பெண்களை இன்னும் பார்க்க முடிகிறது. திரும்பும் வழியில் ஆற்றங்கரைக் கடையில் கோதுமை மாவில் செய்த தடித்த லக்சா (மீன் குழம்பு நூடுல்ஸ்). அத்தைக்கு மீன் வாடை போதவில்லை.

திங்கட்கிழமை, பத்து காஜா

கோப்பேங்கிலிருந்து பத்து காஜா போகும் சாலையில், ராயா ஆற்றங்கரை மேட்டில் நிற்கிறது கெல்லி மாளிகை. இணையத்தில் தேடினால் இந்த மாளிகையைப் பற்றிக் கிடைப்பவற்றில் பாதி பேய்க் கதைகள். பேய்க்காகவே இரவில் வர ஆசைப்படுகிறவர்களும் உண்டு என்று கேள்விப்படும்போது எரிச்சல்தான் வருகிறது. ஏனென்றால் இங்கே உண்மையில் மாண்டவர்கள் யார் என்பது நன்றாகத் தெரியும்.

வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்திலிருந்து வந்து, காட்டை அழித்து, ரப்பர் நட்டுப் பணக்காரரானவர். முதல் வீடு போதாமல், 1915-இல் மகன் பிறந்ததை ஒட்டி இந்த மாளிகையைத் தொடங்கினார். ஆறு அடுக்குக் கோபுரம், அதற்குள் மலாயாவின் முதல் மின்தூக்கி, மொகலாயப் பாணி வளைவுகள், மொட்டைமாடி என்று கனவு பெரிது. செங்கல்லும் கொத்தர்களும் தமிழகத்திலிருந்து கப்பலில் வந்தார்கள். அப்போது உலகெங்கும் பரவிய ஸ்பானிய சளிக்காய்ச்சல் தோட்டத்துக்குள்ளும் நுழைந்து, தொழிலாளர்கள் பலர் இறந்தார்கள். எஞ்சியவர்கள், காவல் தெய்வத்துக்குக் கோயில் கட்டினால்தான் நோய் தீரும் என்று கேட்க, ஸ்மித் சம்மதித்து மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார். 1926-இல் மின்தூக்கி விஷயமாக ஐரோப்பாவுக்குப் போனவர் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்துபோனார். மனைவி ஆக்னஸ் திரும்பி வரவில்லை, தோட்டத்தைக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். மாளிகை முடியாமலே நின்றுவிட்டது.

உள்ளே கூடம் கூடமாக நடக்கும்போது, பூசாத சுவர்களில் செங்கல் வரிசை அப்படியே தெரிகிறது. பூசி முடித்திருந்தால் கொத்தர் கை மறைந்துபோயிருக்கும். என் வீட்டுக்காரர் கட்டுமானத் துறையில் இருப்பவர். வளைவுகளின் அடியில் நின்று, ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் இடையில் கல் அடுக்கும் முறை மாறுவதைக் காட்டி, இரண்டு வேறு ஆட்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்க வேண்டும் என்றார். சொல்ல முடியாது, ஆனால் அப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகு நாங்கள் வேறு எதையும் பார்க்கவில்லை. மின்தூக்கிக்காக விட்ட குழி மட்டும் இன்றும் வெறுமையாக மேலே போகிறது.

சீட்டு வாங்கி மாளிகை பார்த்தவர்களில் பலர் கோயிலுக்கு வருவதில்லை. ஒன்றரை கிலோமீட்டர் தூரம்தான். அண்ணாந்து பார்த்தால் கோயிலின் மேல்தளத்தில் சாமி உருவங்களுக்கு நடுவே வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஒரு துரை நிற்கிறார். கோயில் கட்டிக் கொடுத்ததற்கு நன்றியாகத் தொழிலாளர்கள் ஸ்மித்தையும் மேலே ஏற்றிவிட்டார்கள். நன்றி சரி, அந்தத் தொழிலாளர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது. அத்தை கற்பூரம் ஏற்றினார். துரைக்கும் சேர்த்தா என்று மகள் கேட்டதற்கு, "அவரும் மேலதான நிக்கிறாரு, அவருக்கு வேணாம்னா சொல்ல முடியும்?" என்றார்.

பிற்பகலில் தஞ்சோங் துவாலாங் சாலையில் இருக்கும் ஈயக் கப்பலுக்குப் போனோம். ஐந்தாம் எண் கொண்ட இந்த மண்வாரி 1938-இல் கட்டப்பட்டது. 4,500 டன் எடை, 75 மீட்டர் நீளம். தானே தோண்டிய குட்டையில் தானே மிதந்து, சங்கிலியில் கோத்த இரும்பு வாளிகளால் அடிமண்ணை வாரி, உள்ளே சலித்து, ஈயத்தை வைத்துக்கொண்டு மணலைப் பின்னால் துப்பியபடி 1982 வரை நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரு வாளிக்குள் ஆள் உட்காரலாம். உள்ளே ஏறிப் போக வழிகாட்டியோடுதான் விடுகிறார்கள். இரும்புத் தட்டிகளில் நடக்க வேண்டியிருப்பதால் செருப்பைத் தவிர்த்து மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள். ஓடிய காலத்தில் இதன் சத்தம் இரவு பகலாகப் பல மைல் கேட்குமாம். 1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்தபின் கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் இத்தொழில் அடங்கிவிட்டது. இன்று ஈப்போவைச் சுற்றி ஏரி என்று நாம் பார்த்து மகிழும் பல, கைவிடப்பட்ட ஈயக் குட்டைகளே.

கோப்பேங்கில் குவா தெம்புருங் குகையும் இருக்கிறது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தக் குகைக்கு ஒரு முழுநாள் ஒதுக்க வேண்டும். அத்தையின் முழங்கால் அனுமதிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, ஈப்போ

காலை முழுவதும் மழை. மதியத்துக்கு மேல் ஈப்போ குனோங் சீரோவில் உள்ள கல்லுமலை முருகனைக் கும்பிட்டோம். 1889-இல் வழிபாடு தொடங்கிய இந்தக் குகைக்கோயிலுக்குப் பேராக்கின் தோட்டங்களிலிருந்தெல்லாம் தைப்பூசத்துக்குக் காவடிகள் வரும். 1973-இல் இந்தக் குன்றின் பாறை சரிந்து அடிவாரத்து வீடுகள் புதைந்தன, 42 பேர் மாண்டார்கள். சுண்ணாம்புக் குன்றுகளின் அழகைப் பற்றி எழுதும்போது இதையும் சொல்ல வேண்டும். தம்புனில் பொமலோ வாங்கிக்கொண்டு திரும்பினோம். நீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போகலாம் என்ற மகளின் கோரிக்கையை மழை தள்ளுபடி செய்தது.

புதன்கிழமை, தைப்பிங், கோல செபெத்தாங்

தைப்பிங்கில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. தீபகற்பத்திலேயே மிகவும் நனையும் ஊர் இது. அதை இன்றும் எங்களுக்கு நிரூபித்துவிட்டுத்தான் விட்டது. ஏரிப்பூங்கா 1880-இல் பழைய ஈய லம்பத்தில் (சுரங்க நிலத்தில்) உருவானது. சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் கிளைகளைத் தாழ்த்தி, சாலையைத் தாண்டி, ஏரித் தண்ணீரைத் தொடுகின்றன. காலை ஏழு மணிக்கு நடக்கப் போனால் ஊர்க்காரர்களோடு சேர்ந்து நடக்கலாம். பத்து மணிக்குப் போனால் வாடகைச் சைக்கிள்களுக்கு ஒதுங்கிக்கொண்டே நடக்க வேண்டும். 1883-இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம் நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகம். மழைக்கு ஒதுங்க அதைவிட நல்ல இடம் இல்லை.

புக்கிட் லாருட் அடிவாரத்தில் போர்க் கல்லறை. 800-க்கு மேற்பட்ட வீரர்கள், சாலைக்கு ஒருபுறம் கிறிஸ்தவர்களும் மறுபுறம் பிற சமயத்தவர்களுமாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்; பாதிக்கு மேற்பட்ட கற்களில் பெயரில்லை. இந்திய ராணுவத்தினரின் கற்களை என் மகள் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனாள்.

பிறகு பதின்மூன்று கிலோமீட்டர் மேற்கே, கோல செபெத்தாங். நாட்டின் முதல் ரயில் 1885 ஜூன் 1-ஆம் நாள் தைப்பிங்கிலிருந்து இந்தத் துறைமுகத்துக்குத்தான் ஓடியது. அப்போது ஊரின் பெயர் போர்ட் வெல்ட். தண்டவாளம் போய்விட்டது, நிலையக் கட்டடமும் இல்லை. பெயர்ப்பலகை மட்டும் ஆங்கிலம், ஜாவி (அரபு எழுத்தில் மலாய்), சீனம், தமிழ் என்று நான்கு எழுத்துகளோடு கடைவீதி ஓரத்தில் நிற்கிறது. தண்டவாளம் போட்டவர்களிலும், அதில் ஏறிப் போனவர்களிலும் தமிழ் படிப்பவர்கள் இருந்ததால்தான் அந்த நான்காவது வரி அங்கே இருக்கிறது.

இந்தப் பயணத்தில் பார்த்தவற்றுள் ஒன்றை மட்டும் பாருங்கள் என்று என்னைச் சொல்லச் சொன்னால், இங்கிருக்கும் கரிச்சூளையைத்தான் சொல்வேன். மாத்தாங் சதுப்புநிலக் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டர். 1902 முதல் திட்டமிட்டுப் பராமரிக்கப்படுகிறது. ஒரு பகுதியை வெட்டினால் மீண்டும் அங்கே வெட்ட முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டும். இடையில் இருமுறை நெருக்கத்தைக் குறைத்து மெல்லிய கம்புகளை எடுத்துக்கொள்வார்கள். வெட்டிய பாக்காவ் (சதுப்புநில) மரங்களைக் கடல் ஏற்றத்தின்போது படகில் கால்வாய் வழியாகச் சூளை வாசல்வரை கொண்டுவருகிறார்கள்.

சூளைகள் நிப்பாப் பனையோலை வேய்ந்த பெரிய கொட்டகைக்குள், செங்கல்லும் களிமண்ணும் கொண்டு அரைக்கோளமாகக் கட்டப்பட்டு வரிசையாக நிற்கின்றன. உள்ளே நுழைந்ததும் கண் எரியவில்லை. புளித்த, இனிப்பு கலந்த ஒரு வாடைதான் முதலில் மூக்கில் ஏறுகிறது. தோலுரித்த கட்டைகளை, ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக நறுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு களிமண் துண்டின் மேல் செங்குத்தாக நிறுத்துகிறார்கள்; தரையில் பட்டால் அடி கரியாகாது. ஏறத்தாழ 40 டன் பச்சைக் கட்டை ஒரு சூளைக்குள் போகிறது. 10 டன் கரி வெளியே வருகிறது. வாசலில் மூட்டும் தீ கட்டையைத் தொடுவதில்லை. வெப்பம் மட்டும் உள்ளே சுற்றிக் கட்டையிலுள்ள நீரை விரட்டுகிறது. முதலில் பெருந்தீ, பிறகு வாசலைச் சுருக்கிச் சிறுதீ, பிறகு எல்லாத் துளைகளையும் களிமண்ணால் அடைத்து ஆறவிடுவது என்று ஒரு மாதத்துக்கு அருகில் ஆகிவிடுகிறது. தீயை எப்போது குறைப்பது என்பதை எப்படி அறிவீர்கள் என்று கேட்டேன். சூளைக்காரர் பக்கத்துத் துளையில் வந்த புகையை உள்ளங்கையில் வாங்கி முகர்ந்து காட்டினார். ஈரம் இருக்கும் வரை புகை வெள்ளையாகக் கனத்து வரும். மெலிந்து, வாடை மாறினால் அடைக்கலாம். தப்பினால் உள்ளே இருப்பதெல்லாம் சாம்பல்.

குளிர்ந்த புகையிலிருந்து சொட்டும் பழுப்பு நீரைப் புட்டியில் அடைத்துக் கொசுவிரட்டியாக விற்கிறார்கள். அத்தை இரண்டு புட்டி வாங்கினார். கரியில் பெரும்பகுதி ஜப்பானுக்குப் போகிறதாம். கொட்டகையின் மறுகோடியில் ஒருவர் கட்டைகளைத் தோளில் சுமந்து குனிந்து உள்ளே போய்க்கொண்டே இருந்தார். நாங்கள் இருந்த நேரம் முழுவதும் அவர் நிற்கவில்லை. காட்சியாகக் கட்டப்பட்ட இடத்துக்கும் வேலை நடக்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாடு அதுதான். ஆகவே வழியை மறிக்காமல் ஓரமாக நில்லுங்கள், கேட்காமல் முகத்தைப் படமெடுக்காதீர்கள்.

ஆற்றோரக் கடையில் பெரிய இறால் போட்ட மீ ஊடாங். இருட்டிய பின் படகில் மின்மினி பார்க்கப் போகலாம். பெரம்பாங் மரங்களில் அவை கூட்டமாக ஒளிரும். நிலவில்லாத, மழையில்லாத இரவு வேண்டும் என்கிறார்கள். எங்களுக்கு இரண்டாவது நிபந்தனை நிறைவேறவில்லை.

வியாழக்கிழமை, லெங்கோங்

கோல கங்சாரைத் தாண்டி வடக்கே கிரிக் சாலையில் திரும்பியதும் போக்குவரத்து குறைந்து, வலமும் இடமும் மலை நெருங்கிவிடுகிறது. 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்த லெங்கோங் பள்ளத்தாக்கில், பார்வையாளர் எதிர்பார்க்கும் பிரம்மாண்டம் எதுவும் இல்லை. சுண்ணாம்புக் குன்றுகள், டுரியான் தோப்புகள், கம்பத்து வீடுகள், ஆறு. ஆனால் கோத்தா தம்பானில் எழுபதாயிரம் ஆண்டுகளுக்கும் முன் மனிதர்கள் கற்கருவி செய்த பட்டறை தோண்டியெடுக்கப்பட்டது. சுத்தியல் கல், பட்டடைக் கல், தெறித்த சில்லுகள் எல்லாம் போட்டது போட்டபடியே கிடந்தன; சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்து விழுந்த சாம்பல் அவற்றை மூடியிருந்தது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் அத்தை, "சாமானை எடுத்து வைக்கக்கூட நேரமில்ல போல" என்றார்.

குனோங் ருந்து குகையில் 1991-இல் கிடைத்த பேராக் மனிதன் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவன். முழங்காலை மடக்கி, ஆற்று நத்தை ஓடுகளோடும் கல்லாயுதங்களோடும் அடக்கம் செய்யப்பட்டிருந்தான். பிறவியிலேயே இடக்கை ஊனம். அப்படியிருந்தும் நடுவயதைத் தாண்டி வாழ்ந்து, மரியாதையோடு புதைக்கப்பட்டிருக்கிறான் என்றால், அந்தக் கூட்டம் அவனைத் தாங்கியிருக்கிறது. லெங்கோங்குக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே கொஞ்சம் படித்துவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் இது வெறும் குன்றும் தோப்பும்தான்.

லாத்தா கெகாபு அருவியில் மகளும் வீட்டுக்காரரும் குளித்தார்கள். தண்ணீர் பாறைப் படிகளில் பல அடுக்காக இறங்குகிறது; மேலே மலையில் மழை கறுத்தால் உடனே கரையேறிவிட வேண்டும், ஏனென்றால் வெள்ளம் சொல்லாமல் வரும். லெங்கோங் கடைத்தெருவில் ஆற்று மீனை உப்பும் வறுத்த அரிசியும் சேர்த்துப் புளிக்கவைத்த பெக்காசாம் விற்கிறார்கள். பொரித்துச் சுடுசோற்றோடு சாப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லக்சாவில் கிடைக்காத வாடை அத்தைக்கு இதில் கிடைத்துவிட்டது.

இன்னும் வடக்கே போனால் தெமெங்கோர் ஏரியும் ராயல் பெலும் காடும். அதற்குப் படகும் அனுமதியும் ஓரிரவுத் தங்கலும் வேண்டும். தனிப் பயணமாக வைத்துக்கொள்வதே சரி.

வெள்ளிக்கிழமை, சுங்கை சிப்புட்

கடைசி நாளை ஊரிலேயே கழித்தோம். அத்தை வேலை செய்த தோட்டத்துக்குக் காலையில் போனோம். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து நெடுநாளாகிவிட்டது. குலை வெட்டுகிறவர்கள் வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பாதி வீடுகளுக்குக் கூரையில்லை. கோயிலுக்கு மட்டும் புது வர்ணம் பூசியிருக்கிறார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் திருவிழாவுக்குப் பணம் அனுப்புவதால் அது நிற்கிறது.

லயத்து வீடுகள் இரண்டைச் செப்பனிட்டு, விருந்தினர் தங்கவும், விடிகாலையில் நாலு பால்மரத்தில் வெட்டிப் பார்க்கவும் ஏற்பாடு செய்தால் வெளியூர்க்காரர்கள் வருவார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அத்தைக்குச் சிரிப்பு வந்தது. "காசு குடுத்து நாலு மணிக்கு எந்திரிப்பாங்களா?" எழுந்திருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். கோல கங்சாரில் அவர் கையைப் படமெடுத்த குடும்பமே சாட்சி. ஆனால் அப்படி ஒன்று நடந்தால், கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறவர் தோட்டத்துக்காரராக இருக்க வேண்டும், வரும்படியும் அவருக்குப் போக வேண்டும். கொத்தர்கள் பெயர் தெரியாமல் போனதுபோல இதுவும் ஆகிவிடக்கூடாது. அத்தை வயதுக்காரர்கள் இன்னும் எத்தனை காலம் நின்று சொல்லிக்கொடுக்க முடியும் என்பதையும் கணக்கில் வைத்தால், இதைச் செய்ய விரும்புகிறவர்கள் சீக்கிரம் தொடங்க வேண்டும்.

மாலை ரயிலுக்குச் சீட்டு இருக்கிறது. லாபு சாயோங் கூஜாவைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்தாயிற்று. பெக்காசாம் புட்டியை ரயிலில் கொண்டுவரக்கூடாது என்று மகள் பிடிவாதம் பிடிக்கிறாள். மாசி மகத்துக்குப் பங்கோர் தீவுக் காளியம்மன் கோயிலுக்குப் போகலாம் என்று அத்தை இப்போதே சொல்லிவிட்டார். முன்னிருக்கை நிபந்தனை அதற்கும் பொருந்தும்.